‘ஹார்ட்லி’ தகராறு: பயோடேட்டா முதல் பையர் மெயில் வரை, அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வேலூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த ஒரு வார்த்தை நன்றாகப் பழக்கம். காலேஜ் பிள்ளைகள் பயோடேட்டா கொண்டு வருவார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு, அனுப்ப வேண்டிய மெயிலைக் காட்டுவார்கள். திங்கட்கிழமை என்றால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு மனு. யார் கொண்டு வந்தாலும் அதில் எங்காவது ஒரு ‘ஹார்ட்லி’ (hardly) உட்கார்ந்து, எழுதியவர் நினைத்ததற்கு நேர் எதிரான அர்த்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இலக்கணப் பாடம் இங்கே இல்லை. உங்கள் வாக்கியத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

எதற்கும் முன்னால்: ‘பேருக்கு’ சோதனை

‘ஹார்ட்லி’ வருகிற இடத்தில் ‘பேருக்கு’ அல்லது ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்று வைத்து, வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

‘தி பாலார் ஹார்ட்லி ஃப்ளோஸ் இன் மே.’ மே மாதத்தில் பாலாற்றில் பேருக்குத்தான் தண்ணீர். உண்மை, நம் ஊர்க்காரர் யாரும் மறுக்க மாட்டார்கள். வாக்கியம் சரி.

‘ஐ ஒர்க் ஹார்ட்லி.’ நான் பேருக்கு வேலை செய்கிறேன். இதையா பயோடேட்டாவில் போட நினைத்தீர்கள்?

சோதனையில் தேறினால் வாக்கியத்தைத் தொடாதீர்கள். தேறாவிட்டால் கீழே பாருங்கள்.

அறிகுறி 1: உழைப்பாளி என்று சொல்லப்போய் சோம்பேறி ஆகிவிட்டீர்கள்

அதிகம் வருகிற கேஸ் இதுதான். ‘ஐ வில் ஒர்க் ஹார்ட்லி ஃபார் யுவர் கம்பெனி’ என்று கவர் லெட்டரின் கடைசி வரியில் இருக்கும்.

*முதல் காரணம்: வால் ஒன்று கூடுதலாக ஒட்டியிருக்கிறது.* ‘ஸ்லோ’வுக்கு ‘ஸ்லோலி’, ‘குவிக்’குக்கு ‘குவிக்லி’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்த கை, ‘ஹார்ட்’டுக்கும் ‘லி’ போட்டுவிடுகிறது. ‘ஹார்ட்’ (hard) அப்படியே நின்றுதான் ‘கடுமையாக’ என்ற வேலையையும் செய்யும். ‘லி’யை அழியுங்கள். ‘ஐ வில் ஒர்க் ஹார்ட்.’ முடிந்தது.

*இரண்டாவது காரணம்: இடம் மாறியிருக்கிறது.* சிலர் ‘ஐ ஹார்ட்லி ஒர்க்’ என்று எழுதியிருப்பார்கள். இங்கே ‘லி’யை மட்டும் அழித்தால் ‘ஐ ஹார்ட் ஒர்க்’ என்று நிற்கும், அதுவும் தப்பு. ‘ஹார்ட்’ வினைக்குப் பின்னால் போக வேண்டும், ‘ஹார்ட்லி’ வினைக்கு முன்னால் நிற்கும். எனவே அழித்துவிட்டுப் பின்னால் தள்ளுங்கள்.

*மூன்றாவது காரணம்: ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் செயலைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள்.* ‘ஐ ஆம் எ ஹார்ட்லி ஒர்க்கிங் பெர்சன்’ என்பது போல. இங்கே ‘ஹார்ட்ஒர்க்கிங்’ என்று ஒரே வார்த்தையாகப் போடுங்கள். என்னைக் கேட்டால் பயோடேட்டாவில் அந்த வார்த்தையே வேண்டாம். எல்லோரும் போடுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. இரண்டு வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே டிப்ளமோ முடித்திருந்தால் அதை எழுதுங்கள், உழைப்பு தானாகத் தெரியும்.

இங்கே பலரும் கேட்பது ஒன்று: “அண்ணா, கம்ப்யூட்டர்ல சிவப்புக் கோடு எதுவும் வரலையே, அப்போ சரிதானே?” வராது தம்பி. சிவப்புக் கோடு எழுத்துப்பிழைக்கு வருவது. ‘ஹார்ட்லி’யில் எழுத்து ஒன்றும் தப்பாக இல்லை, அர்த்தம்தான் காலை வாரிவிட்டிருக்கிறது. கோடு வரவில்லை என்பதை நம்பி அனுப்பாதீர்கள்.

அறிகுறி 1-அ: மனுவில் ‘ஹார்ட்லி ஏர்ண்ட் மணி’ என்று இருக்கிறது

சீட்டுப் பணம், நகைச்சீட்டு, அதிக வட்டி என்று ஏமாந்தவர்களின் ஆங்கில மனுக்களில் இது தவறாமல் வரும். ‘பாடுபட்டுச் சேர்த்த பணம்’ என்று சொல்ல வந்தவர், ‘உழைத்துச் சேர்த்ததே அல்ல என்று சொல்லத்தக்க பணம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார். ‘ஹார்ட்-ஏர்ண்ட் மணி’ என்று நடுவில் ஒரு சிறு கோடு போட்டு எழுதுங்கள்.

இதே வகையில் இன்னொன்று, இது கொஞ்சம் ஆபத்தானது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட சமயத்தில் ‘அவர் வில்லேஜ் வாஸ் ஹார்ட்லி ஹிட் பை தி ஃப்ளட்’ என்று நிவாரண மனுவில் எழுதினால், ‘எங்கள் ஊருக்கு வெள்ளத்தால் பாதிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை’ என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும். ‘ஹார்ட் ஹிட்’ என்றால் பலத்த அடி. ஒரு ‘லி’ சேர்ந்தால் அடியே இல்லை. மனுவைத் தமிழிலேயே எழுதலாமே என்றுதான் நான் சொல்வேன். கலெக்டர் ஆபீஸில் தமிழ் மனுவை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

அறிகுறி 2: ‘லி’யை அழித்தும் வாக்கியம் ஒட்டவில்லை

தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் மெயில் வரைவு. தரம் பற்றி வெளிநாட்டு பையர் கேட்டதற்குப் பதில்: ‘வீ ஹார்ட்லி செக் எவ்ரி பீஸ் பிஃபோர் பேக்கிங்.’ ஒவ்வொரு பீஸையும் கறாராகச் சோதிக்கிறோம் என்பது எழுதியவர் மனதில். பையர் படிப்பது: ‘பேக்கிங்குக்கு முன்னால் நாங்கள் சோதிப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.’ இதில் ‘லி’யை எடுத்து ‘வீ செக் ஹார்ட்’ என்று போட்டாலும் விடியாது. ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதில்லை.

இங்கே கோளாறு வேறு. தமிழில் ‘கடுமையாக’ என்ற ஒன்றே பல வேலை பார்க்கும்: கடுமையாக உழைத்தான், கடுமையாகத் திட்டினார், கடுமையாகச் சோதித்தார்கள், கடுமையாக எதிர்த்தார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். எனவே எந்தக் கடுமை என்று பிரித்துப் பாருங்கள்:

- உழைப்பு, அடி, மழை, முயற்சி என்றால் ‘ஹார்ட்’. ‘இட் ரெயின்ட் ஹார்ட்’, ‘ஷீ ட்ரைட் ஹார்ட்.’
- திட்டு, தண்டனை, பேச்சு என்றால் ‘ஹார்ஷ்லி’. ‘தி மேனேஜர் ஸ்போக் டு மீ ஹார்ட்லி’ என்று எழுதினால் மேனேஜர் உங்களோடு பேசவே இல்லை என்பது போல ஆகிவிடும். வாக்கியமும் கோணலாக நிற்கும்.
- சோதனை, விதி, கண்காணிப்பு என்றால் ‘ஸ்ட்ரிக்ட்லி’, ‘கேர்ஃபுல்லி’ அல்லது ‘தரோலி’ (thoroughly, முழுமையாக). பையர் மெயிலுக்கு ‘தரோலி’ போடுங்கள்.
- எதிர்ப்பு, நம்பிக்கை, பரிந்துரை என்றால் ‘ஸ்ட்ராங்லி’.
- ‘கஷ்டப்பட்டு’ என்றால் ‘வித் கிரேட் டிஃபிகல்ட்டி’.

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘ஐ ஹார்ட்லி கம்ப்ளீட்டட் மை டிகிரி’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அப்பா இல்லாத வீட்டில் கஷ்டப்பட்டுப் படித்து முடித்ததைத்தான் சொல்ல வந்தாள். படிப்பவருக்கோ டிகிரியே முடிக்கவில்லையோ என்று சந்தேகம் வரும். ‘வித் கிரேட் டிஃபிகல்ட்டி’ என்று மாற்றியதும் அந்த வரிக்கே ஒரு கௌரவம் வந்துவிட்டது.

அறிகுறி 3: ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘இல்லை’

‘ஐ காண்ட் ஹார்ட்லி ஹியர் யூ.’ போனில் இது சகஜம். ‘ஹார்ட்லி’ தனக்குள்ளேயே ஒரு ‘இல்லை’யை மறைத்து வைத்திருக்கிறது, அதனால் பக்கத்தில் இன்னொரு ‘நாட்’ கூடாது.

வாக்கியத்தில் ‘நாட்’, ‘நோ’, ‘நெவர்’, ‘நோபடி’, ‘நத்திங்’, ‘வித்அவுட்’ ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இப்படி மாற்றுங்கள்: ‘காண்ட் ஹார்ட்லி’ என்பது ‘கேன் ஹார்ட்லி’ ஆகும். ‘ஹார்ட்லி நோபடி’, ‘ஹார்ட்லி எனிபடி’ ஆகும். ‘ஹார்ட்லி நெவர்’, ‘ஹார்ட்லி எவர்’ ஆகும். ‘ஹார்ட்லி நோ வாட்டர்’, ‘ஹார்ட்லி எனி வாட்டர்’ ஆகும். ‘வித்அவுட் ஹார்ட்லி எனி டிலே’ என்றால் ‘வித் ஹார்ட்லி எனி டிலே’.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது: கேள்வி வால் (question tag), அதாவது வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் குட்டிக் கேள்வி. ‘ஹீ ஹார்ட்லி ஸ்பீக்ஸ்’ என்று கொடுத்து, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள். பார்வைக்கு ‘நாட்’ இல்லை என்பதால் ‘டஸன்ட் ஹீ’ என்று போடத் தோன்றும். உள்ளே ‘இல்லை’ இருப்பதால் சரியான விடை ‘டஸ் ஹீ’. போட்டித் தேர்வுக்குப் போகிறவர்கள் ‘ஸ்கேர்ஸ்லி’, ‘பேர்லி’, ‘ரேர்லி’, ‘செல்டம்’ நான்கையும் இதே வரிசையில் நிறுத்திப் படித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் இதே வால்தான்.

அறிகுறி 4: ‘ஹார்ட்லி பத்து நிமிஷம்தான் சார்’

இதைச் சரிசெய்ய வேண்டுமா என்பதே கேள்வி. காட்பாடி ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டால், ‘ஹார்ட்லி பத்து நிமிஷம்’ என்று ஆட்டோ அண்ணனும் சொல்வார், புரொபசரும் சொல்வார். ‘அதிகம் போனால் பத்து நிமிஷம்’ என்பது நம் கணக்கு. வெளிநாட்டுக்காரருக்கும் பேச்சில் இது புரிந்துவிடும். பேச்சில் விட்டுவிடுங்கள், அதைப் பிடித்துத் திருத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும்.

எழுத்தில்தான் பார்க்க வேண்டும். லாட்ஜ் விளம்பரத்தில் ‘ஹார்ட்லி டென் மினிட்ஸ் ஃப்ரம் தி ஹாஸ்பிட்டல்’ என்று போட்டால் ‘பத்து நிமிஷம்கூட ஆகாது’ என்று வாக்குக் கொடுத்தது போல. பத்துக்கு மேலும் ஆகும் என்று உங்களுக்கே தெரிந்தால் ‘அபௌட் டென் மினிட்ஸ்’ என்று போடுங்கள். அதிகபட்சம் அவ்வளவுதான் என்றால் ‘அட் மோஸ்ட்’.

அப்புறம் ‘பேர்லி’. பத்தாம் வகுப்பில் 35 மார்க் எடுத்துத் தேறியவர் ‘ஐ பேர்லி பாஸ்ட்’ என்று சொல்லலாம். மயிரிழையில் தப்பினேன், ஆனால் தேறிவிட்டேன். அங்கே ‘ஹார்ட்லி’ போட்டால் தேறினாரா இல்லையா என்று கேட்பவர் குழம்புவார். ‘எப்படியோ நடந்துவிட்டது’ என்றால் ‘பேர்லி’. ‘நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்’ என்றால் ‘ஹார்ட்லி’.

அறிகுறி 5: ‘ஹார்ட்லி’ வாக்கியத்தின் தலையில் நிற்கிறது

‘ஹார்ட்லி ஐ ரீச்ட் காட்பாடி தேன் தி டிரெயின் லெஃப்ட்.’ இதில் மூன்று கோளாறு இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒன்று: ‘ஹார்ட்லி’ தலையில் நின்றால் அடுத்து ‘ஐ’ வரக்கூடாது, கேள்வி கேட்கும்போது வருவது போல ‘ஹேட் ஐ’ என்று திரும்பும். இரண்டு: ‘ரீச்ட்’ தனியாக நிற்காது, ‘ஹேட் ரீச்ட்’ வேண்டும். மூன்று: ‘தேன்’ (than) இதற்குச் சொந்தம் கிடையாது. ‘நோ சூனர்’ வந்தால்தான் ‘தேன்’. ‘ஹார்ட்லி’க்கு ‘வென்’.

சரியானது: ‘ஹார்ட்லி ஹேட் ஐ ரீச்ட் காட்பாடி வென் தி டிரெயின் லெஃப்ட்.’ நான் காட்பாடி போய்ச் சேர்ந்ததும் சேராததுமாக ரயில் கிளம்பிவிட்டது. இந்தச் ‘சேர்ந்ததும் சேராததுமாக’ என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள், சோதனைக்கு இதையே வைத்துக்கொள்ளலாம்.

தேர்வில் கேட்டால் ஒழிய இந்த அமைப்பே வேண்டாம். ஆபீஸ் மெயிலில் ‘ஆஸ் சூன் ஆஸ்’ போட்டு எழுதுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘ஹார்ட்லி ஐ கேன் ஹியர்’ போன்றவற்றுக்கு இவ்வளவு பாடு கூட வேண்டாம். ‘ஹார்ட்லி’யைத் தலையிலிருந்து இறக்கி ‘கேன்’னுக்கும் ‘ஹியர்’ருக்கும் நடுவில் வையுங்கள்.

அறிகுறி 6: வந்த மெயிலில் ‘ஹார்ட்லி’ இருக்கிறது, அவர் கோபப்படுகிறாரா?

ஆமாம், பெரும்பாலும் கோபம்தான். வெளிநாட்டு பையர் ‘திஸ் இஸ் ஹார்ட்லி அக்செப்டபிள்’ என்று எழுதினால், ‘கஷ்டப்பட்டு ஏற்றுக்கொள்கிறேன்’ என்று படித்து நிம்மதியாகிவிடாதீர்கள். ‘இதை ஏற்கவே முடியாது’ என்பதைத்தான் வெள்ளைத்துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கே பதில் போடுங்கள், சாம்பிள் மாற்றுவதா, தள்ளுபடியா என்று பேசுங்கள்.

‘இட் இஸ் ஹார்ட்லி சர்ப்ரைசிங்’ என்றால் ‘இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது’. தாமதத்துக்குக் காரணம் சொல்லி நீங்கள் அனுப்பிய மெயிலுக்கு இந்தப் பதில் வந்தால், ‘உங்களிடம் இதைத்தான் எதிர்பார்த்தேன்’ என்ற குத்தல் உள்ளே இருக்கிறது. ‘ஹார்ட்லி தி டைம்’ என்றால் ‘இதற்கா இப்போது நேரம்’.

இந்த மாதிரி இடங்களில் ‘பேருக்கு’ சோதனை அவ்வளவாக உதவாது. ‘ஹார்ட்லி’யை எடுத்துவிட்டு முழு ‘நாட் அட் ஆல்’ போட்டுப் படியுங்கள், அவர் மனதில் இருப்பது தெரிந்துவிடும்.

அறிகுறி 7: ஆஸ்பத்திரியில் சொன்னது வேறு, டாக்டர் கேட்டது வேறு

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வருவதால் வேலூர்த் தெருவில் அரைகுறை ஆங்கிலம் பொதுமொழி போல ஓடுகிறது. நோயாளிக்குத் துணையாக வந்தவருக்கு நம் ஆள் யாராவது மொழிபெயர்த்துச் சொல்வதும் நடக்கும்.

‘ஷீ இஸ் ப்ரீதிங் ஹார்ட்’ என்றால் மூச்சு வாங்குகிறது. ‘ஷீ இஸ் ஹார்ட்லி ப்ரீதிங்’ என்றால் மூச்சே இல்லை என்னும்படி இருக்கிறது. முதலாவதைச் சொல்ல நினைத்து இரண்டாவதைச் சொன்னால் பதறியடித்து ஓடி வருவார்கள். அதுகூடப் பரவாயில்லை. இரண்டாவதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் முதலாவதைச் சொல்லிவிட்டால்?

இங்கே திருத்தம், இலக்கணம் எதுவும் வேண்டாம். இரண்டு வார்த்தையையும் விட்டுவிடுங்கள். ‘ப்ரீதிங் டிஃபிகல்ட்டி’, ‘நாட் ஈட்டிங்’, ‘நாட் ஸ்லீப்பிங்’ என்று உடைத்துச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த நர்ஸ் பக்கத்தில் இருந்தால் ஆங்கிலத்தின் பக்கமே போகாமல் தமிழில் சொல்லுங்கள்.

இதே வியாதி உள்ள மற்ற வார்த்தைகள்

‘லேட்’, தாமதமாக, ‘லேட்லி’, சமீப காலமாக. ‘ஐ கேம் லேட்லி’ என்று லீவ் லெட்டரில் எழுதாதீர்கள். ‘நியர்’, பக்கத்தில், ‘நியர்லி’, கிட்டத்தட்ட. ‘ஹை’, உயரத்தில், ‘ஹைலி’, மிகவும். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே: ‘லி’ ஒட்டியதும் அர்த்தம் மாறியதா என்று அகராதியில் ஒருமுறை பார்ப்பது. ‘ஃபாஸ்ட்’டுக்கு அந்தக் கவலை இல்லை, ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதவே வேண்டாம்.

எந்த நிலையில் ஆளைக் கூப்பிட வேண்டும்

பயோடேட்டா, லீவ் லெட்டர், கவர் லெட்டர் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், காசு செலவு செய்யாதீர்கள். அனுப்பிய பிறகு தெரிந்தால்கூட, திருத்திய பிரதியை இரண்டு வரி விளக்கத்தோடு திரும்ப அனுப்பினால் போதும்.

பையரோடு போடும் ஒப்பந்தம், தரம் பற்றிய உறுதிமொழி, வெளிநாட்டுப் படிப்புக்கான விண்ணப்பக் கட்டுரை என்றால் அனுப்புவதற்கு முன்பே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஒப்பந்தமாக இருந்தால் வக்கீலிடமும். ‘வீ ஹார்ட்லி செக்’ என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால், பிறகு தகராறு வரும்போது எதிராளி அந்த வரியைத்தான் முதலில் காட்டுவார்.

நோட்டரி முத்திரை விழுந்த அஃபிடவிட், கோர்ட்டில் தாக்கல் செய்த மனு, போலீஸில் கொடுத்த புகார் ஆகியவற்றில் பிழை கண்டால் நீங்களாகப் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். ‘லி’ ஒன்றுதானே என்று வைட்னர் போடுவது அதைவிட மோசம், ஆவணத்தையே சந்தேகப்படும்படி ஆகிவிடும். வக்கீலிடம் கொண்டு போங்கள், புதிதாகப் போடுவதா, திருத்த மனுவா என்று அவர் சொல்வார்.

திருத்திக் கொடுக்கிறேன் என்று காசு கேட்பவரிடம் ஒப்படைக்கும் முன், ‘ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்’, ‘ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்’ இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் காட்டித் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்றால் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம்.